பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் ஞானஸ்நானம்: குழந்தைக்கா, விசுவாசிக்கா?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் பழைய பெருவழி நெய்யாற்றின்கரையைத் தாண்டி நெய்யாற்றைக் கடந்து, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் சேர, திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம், அதன் தென்கோடியில் உள்ள பாறசாலையோடு சேர்ந்து, கேரளத்திலேயே நின்றது. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை மலையாளத்திலும் மறு கிளை தமிழிலும் வேதம் வாசிக்கும் இந்த எல்லை ஊர்களில், தென்னிந்தியத் திருச்சபை, இலத்தீன் கத்தோலிக்கம், மலங்கரைக் கத்தோலிக்கம், லுத்தரன் சபை, ரட்சணிய சேனை, பல்வகைப் பெந்தெகொஸ்தே சபைகள் ஆகியவற்றின் ஆலயங்கள் நடந்து போகும் தூரத்துக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. இவை கிறிஸ்தவ வாழ்வின் நுழைவாயிலாகிய ஞானஸ்நானத்தை வெவ்வேறு வயதில், வெவ்வேறு முறையில், வெவ்வேறு பொருளில் வழங்குகின்றன; ஒன்று மட்டும் அதை வழங்குவதே இல்லை.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, அல்லது தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடக்கூடியவருக்கு மட்டுமே அது உரியதா என்ற கேள்வி, இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே ஊழியர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த புதுச் சர்ச்சை என்றே இப்பகுதியில் பெரும்பாலும் கருதப்படுகிறது. வரலாறு அதற்கு மாறான சித்திரத்தைத் தருகிறது. இந்த ஊர்களில் கிறிஸ்தவம் வேர்கொண்ட முதல் தலைமுறைகளிலேயே, யாரை எப்போது தண்ணீருக்கு அழைத்துவருவது என்பது மிஷனெரிகளின் அன்றாடக் கவலையாக இருந்தது. பின்னர் வந்த சர்ச்சை அந்தக் கவலையின் தொடர்ச்சியே ஆகும்.

இரு கொள்கைகளின் அடித்தளம்

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைகள், அதைக் கடவுள் தரும் அருளின் அடையாளமாக முதன்மைப்படுத்துகின்றன. அப்போஸ்தலர் நடபடிகளில் லீதியாளும் பிலிப்பி நகரச் சிறைச்சாலைக்காரனும் தங்கள் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றதையும், எட்டாம் நாள் விருத்தசேதனத்தால் இஸ்ரவேல் குழந்தை உடன்படிக்கைக்குள் வந்ததையும், பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி இயேசு சொன்னதையும் அவை சான்றாகக் காட்டுகின்றன. குழந்தையால் இன்னும் சொல்ல முடியாத விசுவாசத்தைப் பெற்றோரும், ஞானப்பெற்றோரும், சபை முழுவதும் அதன் சார்பில் அறிக்கையிடுகின்றனர் என்பதும், பிள்ளை வளர்ந்தபின் அதைத் தனதாக்கிக்கொள்ளும் என்பதும் இக்கொள்கையின் சாரம்.

விசுவாச ஞானஸ்நானத்தை வற்புறுத்தும் சபைகளோ, மனந்திரும்புதலும் நம்பிக்கையும் முதலில் வர, தண்ணீர் அதற்குப் பின்னரே வரவேண்டும் என்கின்றன. விசுவசித்து ஞானஸ்நானம் பெறுகிறவரைப் பற்றிய மாற்கு நற்செய்தியின் கூற்றும், எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்டுத் தண்ணீரில் இறங்கிய நிகழ்ச்சியும், கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுவதைப் பற்றி ரோமர் நிருபம் ஆறாம் அதிகாரத்தில் பவுல் எழுதியதும் இவற்றின் ஆதாரங்கள். அடக்கமும் உயிர்த்தெழுதலுமே பொருளென்றால் உடல் முழுவதும் நீருக்குள் மூழ்கி எழ வேண்டும் என்பதால், ஞானஸ்நானம் பெறும் வயதைப் பற்றிய கொள்கையோடு முறையைப் பற்றிய கொள்கையும், அதாவது தெளிப்பதா முழுக்குவதா என்பதும், இணைந்தே வருகிறது.

இரு தரப்புக்கும் தொன்மையான சாட்சிகள் உண்டு. கி.பி. 200ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன் சிறுவர்களுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்று வாதிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தலைமையில் கூடிய ஆயர்கள், பிறந்த குழந்தைக்கு எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்றனர். பிறவிப் பாவம் பற்றிய அகஸ்தீனின் போதனைக்குப் பின் மேற்குத் திருச்சபையில் குழந்தை ஞானஸ்நானமே பொதுவழக்காயிற்று. 1525 சனவரியில் சூரிச் நகரில் கொன்ராட் கிரெபெல் தம் நண்பர் ஜார்ஜ் பிளாவுரோக்குக்கு விசுவாச அறிக்கையின்பேரில் ஞானஸ்நானம் கொடுத்தபோது அந்த வழக்கு வெளிப்படையாக உடைந்தது. இரண்டாண்டுகளுக்குள் அவர்களின் தோழர் ஃபெலிக்ஸ் மான்ஸ், சீர்திருத்தத்தை ஏற்ற சூரிச் நகரமன்றத்தாலேயே லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடையே தோன்றிய பாப்டிஸ்டு மரபு இதே கொள்கையை ஏற்றது. அம்மரபின் மிஷனெரிச் சங்கம் 1792இல் அமைந்து, அடுத்த ஆண்டே வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பியது. 1812இல் கல்கத்தா நோக்கிக் கப்பலேறிய அமெரிக்கர் அதோனிராம் ஜட்சன், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர். வழிநெடுக வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுப் பாப்டிஸ்டு ஆனார். மிஷனெரிகளுக்கே தீராதிருந்த ஒரு வினா, இந்திய மண்ணில் அவர்கள் அமைத்த சபைகளில் மட்டும் தீர்ந்திருக்க இயலாது.

கடற்கரையும் நட்டாலமும்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றிலிருந்து கன்னியாகுமரியை நோக்கி நீளும் கடற்கரையில் ஞானஸ்நானத்தின் வரலாறு 1544இல் பெருந்திரளாகத் தொடங்குகிறது. அவ்வாண்டின் இறுதியில் இக்கரையின் முக்குவர் ஊர்களைக் கடந்து சென்ற பிரான்சிஸ் சவேரியார், ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கொச்சியிலிருந்து 1545 சனவரியில் எழுதினார். ஊராரைக் கூட்டி, அவர்களின் மொழியில் பெயர்த்து மனப்பாடம் செய்திருந்த விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் சொல்லவைத்து, நம்புகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நம்புகிறோம் என்று கூறியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஒவ்வொருவரின் புதுப் பெயரையும் எழுதிக் கையில் தந்ததை அக்கடிதம் விவரிக்கிறது. ஆண்கள் வீடு திரும்பித் தங்கள் மனைவியரையும் குடும்பத்தாரையும் அனுப்ப, அவர்களும் அதே முறையில் ஞானஸ்நானம் பெற்றனர். வளர்ந்தவரின் வாய்மொழி அறிக்கையும் குடும்பம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளுதலும் ஒரே நாளில், ஒரே சடங்கில் கூடிவந்தன. போதனை பெரும்பாலும் ஞானஸ்நானத்துக்குப் பின்னரே தொடர்ந்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் உள்நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறான ஒன்று. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள நட்டாலத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமையேற்ற டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவானவர் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். துன்புறுத்தப்பட்டு 1752 சனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானம் தருவதை வழக்கமாகக் கொண்ட கத்தோலிக்கத் திருச்சபை இப்பகுதியில் மிக உயர்வாகப் போற்றும் விசுவாசி, ஆராய்ந்து, உணர்ந்து, விலை கொடுத்து, வளர்ந்த வயதில் தண்ணீரை நாடிச் சென்றவர் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

லண்டன் மிஷனின் மூன்று பட்டியல்கள்

பாறசாலைப் பகுதியின் சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்கு அடித்தளமிட்டது லண்டன் மிஷனெரி சங்கம். 1795இல் தோன்றி, தன் ஆதரவின் பெரும்பகுதியைக் காங்கிரிகேஷனல் சபைகளிடமிருந்து, அதாவது ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தன்னைத்தானே ஆளும் உரிமையுடையது என்று கொள்ளும் சபைகளிடமிருந்து, பெற்ற அச்சங்கம், எந்தவொரு சபைமுறையையும் புறமத நாடுகளில் திணிப்பதில்லை என்று 1796இலேயே தன் அடிப்படைக் கொள்கையாக அறிவித்தது. அதன் முதல் ஊழியராகத் திருவிதாங்கூருக்கு 1806இல் வந்த ரிங்கல்தௌபே பிரஷ்ய நாட்டு லுத்தரன். அவரை வரவழைத்த மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம், தஞ்சாவூரில் வளர்ந்த வயதில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பியவர். 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் பின்னர் நெய்யூரில் நிலையம் அமைத்தார். 1838இல் வந்த ஜான் ஆப்ஸ் நெய்யூரிலும் பாறசாலையிலும் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். அவருக்குப் பின் பாறசாலையில் பணிபுரிந்தவர்களுள் ஒருவர், திருவிதாங்கூர் மக்களின் வாழ்வைப் பற்றி விரிவான நூல்கள் எழுதிய சாமுவேல் மேட்டீர்.

இவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் நாடார், சாம்பவர், புலையர் ஆகிய சமூகங்களின் மக்கள். தனியாளாக அன்றிக் குடும்பமாகவும், சில வேளை ஊராகவும் வந்தவர்கள். தலைவரி, ஊழியம் என்னும் கூலியற்ற கட்டாய வேலை, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாதென்ற தடை ஆகியவற்றின் கீழ் வாழ்ந்த அவர்களுக்குக் கிறிஸ்தவராதல் ஒரு சமூக விடுதலையாகவும் அமைந்தது. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய அனுமதிக்கும் ஆணை வெளிவந்தது. அதை ஒட்டி எழுந்த மோதல்கள் 1820களிலும் மீண்டும் 1858, 1859 ஆண்டுகளிலும் கலவரங்களாக வெடித்து, அரசின் 1859 சூலை அறிவிப்போடு ஓரளவு ஓய்ந்தன. 1855இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்படும்வரை, மிஷனை நாடிவந்த ஒருவர் வேறொருவரின் உடைமையாகவும் இருக்கக்கூடிய நிலை இருந்தது.

இத்தகைய சூழலில் ஞானஸ்நானம் யாருக்கு என்ற வினா கூர்மை பெற்றது. நீதிக்கும் பாதுகாப்புக்கும் ஏங்கி வருபவரைத் திருப்பியனுப்ப மனச்சாட்சி இடந்தரவில்லை. மனமாற்றத்தின் அடையாளமின்றித் தண்ணீர் கொடுக்கக் கொள்கை இடந்தரவில்லை. மிஷன் கண்ட வழி, மக்களைப் படிப்படியாகப் பிரித்துப் பதிவதாகும். சிலைவழிபாட்டை விட்டு, ஞாயிறு ஆராதனைக்கு வந்து, உபதேசியாரின் கண்காணிப்பில் கற்கத் தொடங்கியவர்கள் ‘சபையைச் சேர்ந்தவர்கள்’ என்ற முதல் பட்டியலில் வந்தனர். கர்த்தருடைய ஜெபம், கட்டளைகள், வினாவிடை ஆகியவற்றைக் கற்று, நடத்தையில் மாற்றம் காட்டி, விசாரணையில் தேறியவர்கள் ஞானஸ்நானம் பெற்று இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றனர். அவர்களுள்ளும் கர்த்தருடைய பந்தியில் பங்குபெறத் தகுதியுள்ளவர்களாகச் சபை ஏற்றவர்களே மூன்றாம் பட்டியலின் முழு அங்கத்தினர். சங்கத்தின் ஆண்டறிக்கைகளில் தென் திருவிதாங்கூரைப் பற்றிய கணக்குகள் இந்த வகைகளைத் தனித்தனியே காட்டின. முதல் வகையினரின் தொகை மற்ற இரண்டையும் விடப் பெரிதாகவும், பந்தியில் சேர்வோரின் தொகை மிகச் சிறிதாகவும் இருந்தன.

இந்த ஏற்பாட்டின் இறையியல் விளைவு ஆழமானது. லண்டன் மிஷன் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றது. ஆனால் விசுவாசியான பெற்றோரின் பிள்ளைக்கே அது உரியதென்ற காங்கிரிகேஷனல் நிபந்தனையோடு ஏற்றது. ஆகவே குழந்தையைத் தண்ணீரண்டை கொண்டுவருவதற்கு முன் அதன் தாயும் தகப்பனும் சோதிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியிருந்தது. முதல் தலைமுறையைப் பொறுத்தவரை, இந்தச் சபைகள் நடைமுறையில் விசுவாச ஞானஸ்நானச் சபைகளாகவே இயங்கின: கற்றல், காத்திருத்தல், விசாரணை, வாயின் அறிக்கை, அதன்பின் தண்ணீர். அந்த முதல் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் காலத்தில் காத்திருப்பு மறைந்து, பிறந்த சில வாரங்களில் போதகர் குழந்தையைக் கையில் ஏந்திப் பெயர் சொல்லி நெற்றியில் தண்ணீர் விடுவது இயல்பான குடும்ப நிகழ்ச்சியாயிற்று. ஒரு காலத்தில் உயிரையும் உடைமையையும் பணயம் வைத்து எடுத்த முடிவு பிறப்புரிமையாக மாறிய இந்த இடைவெளியில்தான் பிற்காலச் சர்ச்சையின் விதை கிடந்தது.

பல சபைகள், பல முறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேறு சபைகள் இப்பகுதிக்குள் வந்தபோது ஞானஸ்நானத்தின் பொருள் மேலும் பலவாயிற்று. 1890களில் தென் திருவிதாங்கூரில் வேரூன்றிய ரட்சணிய சேனை, அதன் நிறுவனர் வில்லியம் பூத் 1883 சனவரியில் எடுத்த முடிவின்படி, ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் கைக்கொள்ளாத சபை. உள்ளத்தில் நிகழும் மாற்றத்துக்கு வெளியடையாளம் இன்றியமையாததன்று என்பது அதன் நிலை. சேனையின் கொடியின் கீழ் குழந்தை பிரதிஷ்டை செய்யப்படுகிறது. வளர்ந்தவர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அதே கொடியின் கீழ் போர்வீரராக உறுதிமொழி எடுக்கிறார். தாழ்த்தப்பட்ட சமூகங்களிடையே சேனை பெற்ற பெரும் வரவேற்பினால், ஞானஸ்நானமே பெறாத கிறிஸ்தவர்கள் என்ற வகை இந்த ஊர்களில் விதிவிலக்காக அன்றி ஒரு பெரிய சமூகமாகவே உருவாயிற்று.

1907இல் நாகர்கோவிலில் பணி தொடங்கிப் பின்னர் திருவனந்தபுரம் பகுதிக்கும் விரிந்த மிசௌரி லுத்தரன் மிஷன் இதற்கு எதிர்முனையில் நின்றது. ஞானஸ்நானத்தில் கடவுளே செயல்பட்டு மறுபிறப்பை அருளுகிறார் என்றும், குழந்தையிலும் விசுவாசத்தை உண்டாக்க அவரால் இயலும் என்றும் லுத்தரன் போதனை சொல்வதால், பெற்றோரின் தகுதியைவிட வார்த்தையோடு கூடிய தண்ணீரின் வல்லமையே அங்கு முன்னிற்கிறது.

1930 செப்டம்பரில் மார் இவானியோஸ் தலைமையில் ரோமோடு இணைந்த மலங்கரைக் கத்தோலிக்கச் சபை, மார்த்தாண்டம், பாறசாலைப் பகுதிகளில் புதிய பங்குகளை அமைத்தபோது சிரியத் திருவழிபாடு இங்கு வந்து சேர்ந்தது. 2017இல் பாறசாலை அதன் தனி மறைமாவட்டமாயிற்று. அச்சபையின் ஞானஸ்நானச் சடங்கைச் சற்று நெருங்கிக் காண்பது பயனுடையது. ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ குழந்தையின் சார்பில் முதலில் மேற்கு நோக்கிச் சாத்தானை மறுதலித்து, பின் கிழக்கு நோக்கித் திரும்பிக் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறார். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் ஒன்றாக ஊற்றப்பட்ட தொட்டியில் மூறோன் என்னும் புனிதத் தைலம் சிலுவை வடிவில் விடப்படுகிறது. கிழக்கு நோக்கித் தொட்டியில் இருத்தப்படும் குழந்தையின் தலைமேல் குருவானவர் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லி நீரை அள்ளி ஊற்றுகிறார். உடனே அதே தைலத்தால் அதன் உறுப்புகள் பூசப்படுகின்றன. நற்கருணையும் அதைத் தொடர்வதே அம்மரபின் முறை. இலத்தீன் கத்தோலிக்கத்தில் ஆண்டுக்கணக்கில் பிரிந்து நிற்கும் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், முதல் நற்கருணை ஆகிய மூன்றும் இங்கு ஒரே வழிபாட்டில் குழந்தைக்கு முழுமையாகக் கிடைக்கின்றன. 1996இல் திருவனந்தபுரத்திலிருந்து பிரிந்த நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டமும் இந்தச் சபையும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபையின் உறுப்புகளாக இருந்தும், குழந்தையை ஏற்கும் முறையில் இவ்வாறு வேறுபடுகின்றன.

ஆற்றங்கரைக்கு வந்த போதனை

விசுவாச ஞானஸ்நானத்தை வற்புறுத்தும் போதனை தென் திருவிதாங்கூருக்குப் பல கைகள் மாறி வந்தது. பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலித் தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், எந்த வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளமும் இன்றிக் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை அமைத்து ஊழியம் செய்தார். 1860இல் அவரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதல் திருநெல்வேலியில் பரவி, பின் திருவிதாங்கூரையும் எட்டியது. நூற்றாண்டின் இறுதியில் ‘தமிழ் டேவிட்’ என்று அறியப்பட்ட சுவிசேஷகர் திருவிதாங்கூர்க் கூட்டங்களில் தனிமனித மனந்திரும்புதலை அழுத்தமாகப் பிரசங்கித்தார். தமிழ்நாட்டிலிருந்து மேற்கே சென்ற இந்த அலைகளின் பின்னணியில், மத்திய திருவிதாங்கூரில் பிரதரன் சபைகளும், கவிஞரும் வேதஅறிஞருமான கே. வி. சைமனின் வியோஜித (பிரிந்தோர்) இயக்கமும் முழுக்கு ஞானஸ்நானத்தை நிலைநாட்டின.

1914 முதல் அமெரிக்கர் ராபர்ட் குக் திருவிதாங்கூரில் பெந்தெகொஸ்தே ஊழியம் செய்தார். பெந்தெகொஸ்தே சபைகள், விசுவாசிக்குரிய முழுக்கு ஞானஸ்நானத்தோடு, அதிலிருந்து வேறான பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தையும் வலியுறுத்துபவை. பின்னர் இந்தியப் பெந்தெகொஸ்தே சபையின் நிறுவனர்களுள் தலைமையானவராக விளங்கிய கே. இ. ஆபிரகாம், 1916இல் கே. வி. சைமனிடம் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். அவர் ஆவியின் அபிஷேகம் பெற்றதோ 1923இல், நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பரணியம் என்ற சிற்றூரில் நடந்த ஜெபக்கூட்டத்தில். கேரளப் பெந்தெகொஸ்தே வரலாற்றின் முக்கியமான ஒரு திருப்பம் இந்த எல்லை வட்டத்திலேயே நிகழ்ந்தது என்பதும், அந்த இயக்கத்துக்கு இப்பகுதி வெறும் பரப்புக்களமாக மட்டும் இருக்கவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

இச்சபைகளில் குழந்தை பிறந்தால் பெற்றோர் அதைச் சபைமுன் கொண்டுவர, பாஸ்டர் கையில் ஏந்தி ஜெபித்துப் பிரதிஷ்டை செய்கிறார்; தண்ணீர் பயன்படுத்தப்படுவதில்லை. வளர்ந்தபின் தானே முன்வந்து, சாட்சி சொல்லி, வேதபாடத்தில் கற்று, சபை திருப்தியடைந்தபின் ஸ்நானத்துக்கு நாள் குறிக்கப்படுகிறது. நெய்யாற்றின் படித்துறையிலோ, குளத்திலோ, இப்போது பெரும்பாலும் ஆலயத்தையொட்டிக் கட்டிய தொட்டியிலோ, வெள்ளை உடுத்தியவர் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்க, இயேசுவைச் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டாயா என்று பாஸ்டர் கேட்கிறார். ஆம் என்ற பதில் கரையில் நிற்பவர்கள் கேட்கும்படி ஒலித்தபின், பாஸ்டரும் துணை ஊழியரும் தோளையும் கையையும் பற்றி அவரைப் பின்னோக்கிச் சாய்த்து முழுக்கி எழுப்ப, கரையில் பாட்டு எழுகிறது. அவ்வாறு பாடப்படும் பாட்டு, நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள திருப்புறத்தில் 1847இல் பிறந்து லண்டன் மிஷன் மரபில் ஊழியம் செய்த மோசவத்சலம் சாஸ்திரியாருடையதாகவும் இருக்கக்கூடும். அவருடைய மலையாளக் கீர்த்தனங்கள் தெளிப்போரும் முழுக்குவோரும் ஒன்றுபோலப் பாடுபவை.

மறு ஞானஸ்நானம் என்னும் புண்

சர்ச்சை மிகக் கூர்மையாவது, குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் வளர்ந்தபின் முழுக்கு எடுக்கும் இடத்தில். தென்னிந்தியத் திருச்சபைக்கும் கத்தோலிக்கருக்கும் அது மறு ஞானஸ்நானம்; ஞானஸ்நானம் ஒன்றே என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் திருச்சபைகள், முதலில் கொடுத்த கடவுளின் வாக்கைப் பொய்யாக்கும் செயலாக அதைக் கருதி ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்துகின்றன. முழுக்குச் சபைக்கோ அது முதல் ஞானஸ்நானமே; குழந்தையின் நெற்றியில் விட்ட தண்ணீர், விசுவாசம் இன்மையால், ஞானஸ்நானமாகவே இருக்கவில்லை. ஒரு தரப்பு இரண்டாவது என்று எண்ணுவதை மறுதரப்பு முதலாவது என்று எண்ணுவதால், இருவரும் ஒரே சொல்லைக் கையாண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேச முடிவதில்லை.

இதன் சுமையை இறையியலாளரைவிடக் குடும்பங்களே மிகுதியாகத் தாங்கியுள்ளன. முழுக்கு எடுத்த மகனின் பெயர் தாய்ச்சபையின் ஏட்டிலிருந்து நீக்கப்படும்போது, திருமணத்தில் யார் ஆசீர்வதிப்பது, பெற்றோரின் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு இடமுண்டா என்ற கேள்விகள் எழுகின்றன. சொந்தக் கல்லறை நிலமில்லாத சிறு சபைகளுக்கு இது உண்மையான துயரமாக இருந்துவந்துள்ளது. கேரளத்தில் அரசு ஏடுகளும் இதில் கலக்கின்றன. லண்டன் மிஷன் சபைகள் 1908இல் இணைந்த தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கரைந்துவிட்டபோதிலும், எஸ்.ஐ.யு.சி. என்ற அதன் பெயர் நாடார் கிறிஸ்தவர்களுக்கான இடஒதுக்கீட்டுப் பிரிவாக இன்றும் வழங்குகிறது. பிற சபைகளைச் சேர்ந்த நாடார் கிறிஸ்தவர்களுக்கும் ஒதுக்கீட்டை விரிக்க 2021இல் மாநில அரசு முடிவெடுத்ததும், அது நீதிமன்றத்தில் எதிர்ப்பைச் சந்தித்ததும், எந்தச் சபையின் ஏட்டில் பெயர் இருக்கிறது என்பது ஆன்மிகக் கேள்வியாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குப்பாயத்துக்கும் ஊழியத்துக்கும் ஞானஸ்நானத்தோடு இருந்த உறவு, வேறு வடிவில் தொடர்கிறது.

இணைப்பும் இரண்டாம் தலைமுறையும்

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சுவார்த்தையின் முடிவில், 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, ஐக்கிய சபை மரபுகள் யாவும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றவை. பாப்டிஸ்டுகள் அந்த இணைப்பில் இல்லாததால், இரு முறைகளையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது எப்படி என்பதை அது தன் அமைப்பிலேயே தீர்க்கவேண்டிய தேவை எழவில்லை. 1970 நவம்பரில் பாப்டிஸ்டுகளையும் உள்ளடக்கி உருவான வட இந்தியத் திருச்சபையோ, குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாச ஞானஸ்நானத்தையும் சமமான மாற்றுமுறைகளாக ஏற்று, பெற்றோர் விரும்பும் வழியைத் தேர்ந்துகொள்ள விட்டது. 1982இல் பெரு நாட்டின் லீமாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாச ஒழுங்கு ஆணைக்குழு ஏற்ற அறிக்கை, இரு முறைகளும் கடவுளின் முன்முயற்சியையும் மனிதரின் விசுவாச மறுமொழியையும் உள்ளடக்கியவை என்றும், மறு ஞானஸ்நானமாகக் கருதப்படக்கூடிய செயல்களைத் தவிர்க்கவேண்டும் என்றும், வரைமுறையின்றிக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தரும் வழக்கம் திருத்தப்படவேண்டும் என்றும் இரு தரப்பையும் நோக்கிக் கூறியது. 1959இல் தென் கேரளம், கன்னியாகுமரி என இரு பேராயங்களாகப் பிரிந்த எல்லைச் சபைகளுக்கு அந்த அறிவுரையின் இரு பகுதிகளும் பொருந்தும்.

எல்லை ஊர்களின் வரலாற்றை ஒருசேரப் பார்க்கும்போது, எந்தச் சபையும் ஒற்றைப் படியோடு நிறைவடையவில்லை என்பது தெளிவாகும். தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தைக்குத் தண்ணீரும், பதின்வயதில் ஆயத்த வகுப்புக்குப் பின் பேராயரின் கைவைத்தலோடு திடப்படுத்தலும் உண்டு. திடப்படுத்தல் என்பது தன் சார்பில் பிறர் சொன்ன விசுவாசத்தைத் தானே ஏற்று அறிக்கையிடும் சடங்காகும். முழுக்குச் சபைகளில் குழந்தைக்குப் பிரதிஷ்டையும், வளர்ந்தபின் ஸ்நானமும் உண்டு. ரட்சணிய சேனையில் கொடியின் கீழ் பிரதிஷ்டையும், பின்னர் போர்வீரர் உறுதிமொழியும் உண்டு. மலங்கரைச் சபை மூன்று அருட்சாதனங்களையும் குழந்தைக்கே தந்தாலும், மறைக்கல்வியின் நெடிய ஆண்டுகளை அதன்பின் வைத்துள்ளது. சமூகம் குழந்தையை ஏற்கும் ஒரு கணமும், தனிமனிதர் தாமே மறுமொழி சொல்லும் ஒரு கணமும் எல்லாருக்கும் தேவைப்பட்டிருக்கின்றன. இவ்விரண்டில் எதன்மேல் தண்ணீரை வைப்பது என்பதிலேயே அவை பிரிகின்றன.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. தண்ணீரைக் குழந்தையின்மேல் வைப்பவர்கள், மனிதன் கேட்பதற்கு முன்பே கடவுள் அழைக்கிறார் என்ற உண்மையைக் காக்கின்றனர்; தன் பெயரில் எந்த உரிமையும் இல்லாதிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளை, எதையும் சம்பாதிக்கும் முன்பே ஏற்றுக்கொள்ளப்படுவது அந்த மக்களுக்கு எத்துணைப் பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். தண்ணீரை அறிக்கையின்மேல் வைப்பவர்கள், எவருடைய விசுவாசமும் வேறெவருடையதையும் ஈடுசெய்யாது என்ற உண்மையைக் காக்கின்றனர். பிறப்பினாலேயே எல்லாம் தீர்மானிக்கப்பட்ட சாதிச் சமூகத்தில், தன் வாயால் ஆம் என்று சொல்லித் தன் காலால் தண்ணீரில் இறங்கும் உரிமை அதே மக்களுக்கு மற்றொரு விடுதலையாக இருந்தது.

பெந்தெகொஸ்தே குடும்பங்களும் இப்போது மூன்றாம், நான்காம் தலைமுறையை எட்டியுள்ளன. பதின்வயதில் நண்பர்களோடு சேர்ந்து, குடும்பம் எதிர்பார்க்கும் வயதில் எடுக்கும் ஸ்நானம் உண்மையில் யாருடைய முடிவு என்ற கேள்வி, ஒரு காலத்தில் லண்டன் மிஷன் சபைகளின் பேரப்பிள்ளைகளை நோக்கி எழுந்த அதே கூர்மையோடு இன்று அவர்களை நோக்கியும் எழுகிறது. மற்றத் தரப்பின் நெடிய அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காரணம் இரு தரப்புக்கும் கிடைக்காது. முழுக்குச் சபைகள் தங்கள் பிள்ளைகளைக் காத்திருக்கவைத்துக் கற்பிக்கும் பொறுமையை மீட்டெடுப்பதும், தெளிப்புச் சபைகள் திடப்படுத்தலை வயது வந்ததற்கான சடங்காக விடாமல் தங்கள் முன்னோர் கடந்த விசாரணையின் கனத்தை அதற்குத் திருப்பித் தருவதும், கல்லறைத் தோட்டத்தின் கதவை ஞானஸ்நான ஏட்டைக் கொண்டு மூடுவதை எல்லாரும் கைவிடுவதும், ஒரே குலத்தின் பிள்ளைகளாகிய இந்த மக்களால் இயலாத காரியங்கள் அல்ல.